முகாமுக்கு எந்தக் கத்தி?



கூடாரம், படுக்கைப்பை, கையடக்க அடுப்பு என்று முகாம் பொருட்களைப் பற்றி நாம் எழுதும்போதெல்லாம் அதன் பின்னாலேயே ஒரு கேள்வி வந்து நிற்கிறது: "கத்தி எது வாங்கலாம்?" கேட்பவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே ஆசைதான். மடக்குக் கத்தி வேண்டாம். உறையிலிருந்து உருவி எடுக்கும் உறுதியான கத்தி வேண்டும். வெங்காயம் நறுக்க வேண்டும், கயிறு அறுக்க வேண்டும், கூடாரத்துக்கு முளை சீவ வேண்டும், அடுப்புக்கு நாலு சுள்ளி தறிக்கவும் வேண்டும். அத்தனையும் ஒரே கத்தியில் நடக்க வேண்டும். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லலாம் என்று இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கடையில் கண்ணை இழுக்கும் கத்தி வேறு, முகாமில் கைக்கு உதவும் கத்தி வேறு. கண்ணை இழுப்பது பெரும்பாலும் நீளமாக, தடித்து, கறுப்புப் பூச்சோடு, முதுகில் ரம்பப் பல் வெட்டி இருக்கும். இந்த ஆசையை வளர்த்ததில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1982-இல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்தில் ராம்போ வைத்திருந்த கத்தியை ஜிம்மி லைல் என்ற அமெரிக்கர் செய்து கொடுத்தார். உள்ளே கூடான பிடி, அதற்குள் தீக்குச்சியும் தூண்டில் நூலும், முதுகில் பல். லைல் தேர்ந்த கைவினைஞர். அவருடைய வேலையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைப் பார்த்து மலிவாக வார்த்துத் தள்ளிய நகல்கள்தான் இன்றும் இணையக் கடைகளில் 'சர்வைவல் கத்தி' என்ற பெயரில் குவிந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றில் அலகு பிடிக்குள் சிறிது தூரம்தான் நுழைகிறது. ஓங்கி ஒரு கட்டையில் வெட்டினால் அந்தச் சேர்மானத்தில்தான் முதலில் விட்டுப்போகும். முதுகில் உள்ள பல்லும் மரம் அறுக்காது. தடித்த அலகில் வெட்டிய குட்டைப் பல்லில் மரத்தூள் அடைத்துக்கொண்டு, அரை அங்குலம் இறங்குவதற்குள் சிக்கி நிற்கும். இப்படிப்பட்ட கத்தியைப் பரிசாகக்கூடப் பிள்ளைகளுக்கு வாங்கித் தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, காட்டில் உண்மையாகவே நாள்களைக் கழித்தவர்கள் என்ன வைத்திருந்தார்கள்?

ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்று ஓர் அமெரிக்கர். 'நெஸ்முக்' என்ற புனைபெயரில் எழுதியவர். ஒல்லியான, குள்ளமான, நோயாளியான மனிதர். 1883-இல், அறுபதைத் தாண்டிய வயதில், ஐந்து கிலோகூட இல்லாத ஒரு படகில் நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக் ஏரிகளில் தனியாகத் துடுப்புப் போட்டுச் சுற்றினார். அடுத்த ஆண்டு 'உட்கிராஃப்ட்' என்ற புத்தகம் எழுதினார். சுமை குறைவாகக் காட்டுக்குப் போவது எப்படி என்பதற்கு இன்றைக்கும் அதுவே முன்னோடி நூல். அவரிடம் இருந்தவை மூன்று: இருபுறமும் வாய் கொண்ட ஒரு சிறு கைக்கோடாலி, மெல்லிய அலகுள்ள ஓர் உறைக்கத்தி, ஒரு மடக்குக் கத்தி. அந்தக் காலத்துக் கடைகளில் விற்ற தடித்த 'வேட்டைக் கத்தி'களை அவர் அறவே ஒதுக்கினார். பார்க்கப் பயமாக இருக்கும், வேலைக்கு ஆகாது என்பது அவர் கருத்து. நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கருத்தில் மாற்ற எதுவும் இல்லை.

ஹொரஸ் கெப்ஹார்ட் செயின்ட் லூயிஸ் நகரத்து நூலகர். 1904-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஸ்மோக்கி மலைகளுக்குப் போய்த் தங்கியவர். அந்த மலைகள் தேசியப் பூங்காவாக வேண்டும் என்று பின்னாளில் பாடுபட்டவர்களில் ஒருவர். 1906-இல் வெளிவந்த அவருடைய முகாம் நூலில் தன் கத்தியை விவரிக்கிறார். அலகு நாலரை அங்குலம், பிடியும் நாலரை அங்குலம், எடை நான்கு அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 113 கிராம். அதனுடன் ஒரு சிறு கோடாலி.

வடக்கு ஸ்காண்டிநேவியாவின் ஸாமி மக்கள் கலைமான் மேய்ப்பில் பெயர்பெற்றவர்கள். கிளை கழிக்க, விறகு பிளக்க, குடில் கட்ட அவர்களிடம் 'லெயுக்கு' என்ற நீண்ட அகலமான கத்தி இருக்கிறது. உணவு அறுக்க, மரம் செதுக்க அதன் பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு கத்தி. நேபாளத்துக் குக்ரியைப் பார்த்திருப்பீர்கள். அதன் உறையின் பின்பக்கம் இரண்டு சிறு கருவிகள் செருகியிருக்கும். ஒன்று 'கர்தா' என்னும் சிறு கத்தி, இன்னொன்று கூர் தீட்டவும் தீப்பொறி தட்டவும் உதவும் 'சக்மக்'. அவ்வளவு பெயர்பெற்ற பெரிய கத்திக்கும் துணைக்கு ஒரு சின்னக் கத்தி தேவைப்பட்டிருக்கிறது. நம் பனையேறிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பாளை சீவுவதற்கு ஓர் அரிவாள், மட்டை கழிக்க வேறோர் அரிவாள். பாளை அரிவாளை மட்டையில் போட அவர்கள் சம்மதிக்கவே மாட்டார்கள்.

கத்தியோடு வாழ்ந்தவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும் பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். எல்லாம் செய்யும் ஒரே கத்தி என்பது விற்பவர்களுக்கு வசதியான கனவு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் தேர்வு எளிதாகிவிடும்.

ஒரு முகாமில் கத்தி செய்யும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். காய் நறுக்குவது, பொட்டலம் பிரிப்பது, கயிறு அறுப்பது, முளை சீவுவது, குச்சியின் நுனியைச் சுருள் சுருளாகச் சீவிவிட்டு அதில் தீப் பிடிக்க வைப்பது. இவை எல்லாவற்றுக்கும் நான்கு அங்குல அலகு தாராளம். கனடாவில் காட்டு வாழ்க்கையை நெடுங்காலம் கற்பித்த மோர்ஸ் கொச்சான்ஸ்கி, அலகின் நீளம் உள்ளங்கையின் அகலம் அளவுக்கோ சற்றுக் கூடுதலாகவோ இருந்தால் போதும் என்று சொல்லிவந்தார். உங்கள் உள்ளங்கையை விரித்து அளந்து பாருங்கள், மூன்றரை நாலு அங்குலம்தான் வரும்.

மிஞ்சுவது விறகு வேலை. அதிலும் பிளப்பது வேறு, தறிப்பது வேறு. மணிக்கட்டுப் பருமனுள்ள காய்ந்த கட்டையைப் பிளக்கச் சிறிய கத்தியே போதும். கட்டையின் தலையில் அலகைப் படிய வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினால் நார் வாக்கில் பிளந்துகொண்டு போகும். அலகின் முனை கட்டையைத் தாண்டி ஓர் அங்குலமாவது வெளியே நீண்டிருந்தால்தான் தொடர்ந்து தட்ட முடியும். அதனால் மூன்று அங்குலக் கட்டைக்கு நாலரை, ஐந்து அங்குல அலகு வேண்டும். கணு உள்ள கட்டையை இப்படிப் பிளக்கவே கூடாது. நல்ல கத்திகள் முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

நாரின் குறுக்கே வெட்டுவதுதான் தறிப்பது. அதற்கு எடை வேண்டும். அந்த எடையும் முனைப் பக்கம் இருக்க வேண்டும். நான்கு அங்குலக் கத்தியால் ஓங்கி வெட்டினால் மணிக்கட்டு வலிப்பதுதான் மிச்சம். ஆறு, ஏழு அங்குல அலகு வந்தபிறகுதான் வெட்டில் ஒரு வீச்சு பிறக்கிறது. ஆனால் அந்த நீளத்துக்குப் போய்விட்டால் முளைக்கு நுனி சீவுவதும் பூண்டு உரிப்பதும் கைக்கு இடைஞ்சலாகிவிடும். அலகு தடிமனாக இருந்தால் சமையல் வேலை இன்னும் மோசம். அமெரிக்காவில் பெயர்பெற்ற பெக்கர் பிகே2 கத்தியின் அலகு ஐந்தேகால் அங்குலம், முதுகின் தடிமன் கால் அங்குலம், எடை அரைக் கிலோவை நெருங்கும். அடித்துப் பிளக்க அதைப் போன்ற கத்தி குறைவு. அதில் கேரட் நறுக்கினால் வில்லை விழாது, கேரட் வெடித்துப் பிளக்கும். நம் வீட்டுச் சமையல் கத்தியின் தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்குள்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகையால் என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் கத்தி வாங்குபவர்கள் நாலு முதல் நாலரை அங்குல அலகும் மூன்று மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனும் உள்ள கத்தியை வாங்குங்கள். அதோடு ஒரு மடக்கு ரம்பமும் வாங்குங்கள். பாகோ நிறுவனத்தின் லாப்லாண்டர் போன்ற ஏழெட்டு அங்குல ரம்பம், மணிக்கட்டுப் பருமனுள்ள கட்டையைச் சத்தமில்லாமல், சிராய் தெறிக்காமல், களைப்பு இல்லாமல் அறுத்துத் தரும். ஓங்கி வெட்டும் கத்தி குறி தவறி முழங்காலில் இறங்குவது போன்ற ஆபத்தும் அதில் குறைவு. தறிக்கும் வேலையின் பெரும்பகுதியை ரம்பத்திடம் விட்டுவிட்டால் கத்தி சிறிதாக, மெல்லியதாக, கூராக இருக்கலாம்.

ரம்பம் வேண்டாம், ஒரே கருவிதான் கொண்டுபோவேன் என்பவர்கள் ஐந்து முதல் ஆறு அங்குலத்துக்குள் நில்லுங்கள். தடிமன் நான்கு மில்லிமீட்டர் போதும். பிடிக்குள் நுழையும் இரும்பு பிடியின் கடைசி வரை போயிருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்தக் கத்தியைச் சாய்வாகப் போட்டால் பெருவிரல் பருமனுள்ள கிளையை இரண்டு மூன்று வெட்டில் கழித்துவிடும். நேர்க்குத்தாக வெட்டாதீர்கள். இடப்பக்கம் ஒரு சாய்வு, வலப்பக்கம் ஒரு சாய்வு என்று மாற்றி மாற்றிப் போட்டுச் சிராயைத் தெறிக்க விட்டால்தான் வெட்டு உள்ளே இறங்கும்.

சிறிய கத்திகளில் எதைச் சொல்வது என்று கேட்டால் ஸ்வீடனின் மோராவைத்தான் முதலில் சொல்வேன். டாலர்னா மாகாணத்தில் மோரா ஊரை ஒட்டிய ஓஸ்ட்நோர் என்ற கிராமம் நெடுங்காலமாகக் கத்தி அடித்து வாழும் கிராமம். அமெரிக்காவில் மரம் வெட்டும் வேலைக்குப் போய்த் திரும்பிய ஃப்ராஸ்ட் எரிக் எர்சன் 1891-இல் அங்கே தொழில் தொடங்கினார். பிறகு 1912-இல் எரிக்சன் குடும்பத்தின் நிறுவனம் வந்தது. இரண்டும் 2005-இல் ஒன்றாயின. இவர்களுடைய 'கம்பானியன் ஹெவி டியூட்டி' கத்தியின் அலகு 104 மில்லிமீட்டர் நீளம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். பிடி ரப்பர் கலந்த பிளாஸ்டிக். ஸ்வீடனில் தச்சரும் கொத்தனாரும் இப்படிப்பட்ட கத்தியைத்தான் இடுப்பில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். விலையும் பெரிய பெயர்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. உள்ளிரும்பு பிடியின் கடைசி வரை போகவில்லை என்பது அதன் ஒரே குறை. மென்மையாகப் பயன்படுத்தினால் அது ஒரு பொருட்டில்லை. கடைசி வரை இரும்பு வேண்டும் என்பவர்களுக்கு அதே நிறுவனத்தின் கார்பெர்க் இருக்கிறது. ஸ்வீடன் விமானப்படை 1995-இல் தன் விமானிகளுக்குத் தேர்ந்தெடுத்த ஃபால்க்நிவன் எஃப்1 கத்தியின் அலகும் நாலு அங்குலத்துக்குள்தான். ராணுவம் என்றாலே நீளக் கத்திதான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் இங்கே நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. வடநாட்டுக் கத்திகள் பிர்ச், பைன், ஸ்ப்ரூஸ் போன்ற மரங்களோடு பழகிப் பிறந்தவை. அவற்றின் அலகில் கீழ்ப்பகுதி ஒரே சரிவாக இறங்கிக் கூரில் முடியும். அதற்கு மேல் இரண்டாவது சரிவு இருக்காது. மெதுவான மரத்தில் அது அருமையாகக் கடிக்கும். சரிவை அப்படியே கல்லில் படிய வைத்துத் தேய்த்தால் கூர் வந்துவிடும் என்பதால் புதியவர்களுக்கும் எளிது. நம் கையில் கிடைப்பதோ சவுக்கு, சீமைக் கருவேலம், காய்ந்த புளியங்கிளை, மூங்கில். சீமைக் கருவேலத்துக் கணுவில் அந்த மெல்லிய வாயை ஓங்கிப் போட்டால் ஓரம் மடங்கும், அல்லது பொடிப்பொடியாகச் சில்லுப் பெயரும். இதற்காகக் கத்தியை மாற்ற வேண்டியதில்லை. கூர் தீட்டும்போது கடைசியில் கத்தியைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு இழுத்து, விளிம்பில் ஒரு நுண்ணிய இரண்டாம் சரிவைக் கொடுத்துவிடுங்கள். கூர் கொஞ்சம் குறையும், உழைப்பு பல மடங்கு கூடும்.

இரும்பு விஷயத்தில் பலர் தேவைக்கு மேல் குழம்பிப்போகிறார்கள். முகாம் வேலைக்கு இரண்டு வகையை அறிந்தால் போதும். ஒன்று கரி எஃகு. 1095 என்று குறிக்கப்படும் எஃகில் கரி ஏறக்குறைய ஒரு சதவீதம். நன்றாகக் கூர் ஏறும், சாதாரணக் கல்லிலேயே தீட்டலாம், தட்டினால் தாங்கும், ஆனால் துருப்பிடிக்கும். மற்றது துருப்பிடிக்காத எஃகு. மோராவில் வரும் 12சி27 என்ற சாண்ட்விக் எஃகில் குரோமியம் பதின்மூன்றரை சதவீதம் இருக்கிறது. கடற்கரை ஓரம் வாழ்கிறவர்கள், மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கம் போகிறவர்கள், கத்தியைத் துடைத்து வைக்க மறக்கிறவர்கள் இதையே வாங்குங்கள். கரி எஃகு வாங்கினால் எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கிய கையோடு கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். நாளடைவில் அலகு சாம்பல் நிறமாகக் கறுக்கும். அது அழுக்கில்லை, துருவைத் தடுக்கும் படலம், தேய்த்து எடுக்காதீர்கள். தோலுறை பார்க்க அழகு, ஆனால் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். வீடு திரும்பியதும் கத்தியை உறையிலிருந்து வெளியே எடுத்து வைப்பது நல்லது.

பிடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது என் வருத்தம். நாள் முழுதும் கை பிடித்திருப்பது அதைத்தான். நான்கு விரலும் தாராளமாக அமர வேண்டும். விரலுக்கு விரல் பள்ளம் வெட்டிய பிடிகள் கடையில் இதமாக இருக்கும்; வேறு விதமாகப் பிடித்துச் சீவத் தொடங்கியதும் அந்த மேடுகளே கையைக் கொப்புளமாக்கும். சீரான, முட்டை வடிவக் குறுக்குவெட்டுள்ள பிடியே மேல். நம் வெயிலில் உள்ளங்கை வியர்க்கும் என்பதால் மினுமினுப்பாகத் தீட்டிய மரப்பிடியைவிட ரப்பர் கலந்ததோ பிசினும் துணியும் சேர்த்து அழுத்திய சொரசொரப்பான மைகார்ட்டாவோ நல்லது. விரல் அலகுப் பக்கம் நழுவாமல் தடுக்க முன்புறம் ஒரு சிறு மேடு இருக்கட்டும். பிடியின் நிறம் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ கிடைத்தால் கூச்சப்படாமல் வாங்குங்கள். சருகு மூடிய தரையில் பச்சைப் பிடியுள்ள கத்தியைக் கீழே வைத்தால் தேடி எடுப்பது பெரும்பாடு, அதுவரை அதை யார் மிதிப்பார்கள் என்றும் தெரியாது.

உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். கத்தி விழுந்தால் அந்த உறை வேண்டாம்.

இனி, எனக்கு மிகவும் நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். விறகு தறிக்கும் பெரிய கருவிக்காக நாம் எந்த நாட்டுக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை. நம் பட்டறைகளில் அடிக்கும் வெட்டரிவாள் அந்த வேலைக்கென்றே பல தலைமுறை கண்டு வளர்ந்த கருவி. எடை முனைப் பக்கம் தூக்கலாக இருக்கிறது. வளைவு கிளையை நழுவ விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. முதுகு தடித்து வாய் நோக்கி மெலிகிறது. ஏழு அங்குல வெளிநாட்டுக் கத்தி பத்து வெட்டில் கழிக்கும் கிளையை நல்ல அரிவாள் இரண்டு வெட்டில் கழிக்கும். பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டையை வாங்கித்தான் பெரும்பாலான ஆசாரிமார்கள் அரிவாள் அடிக்கிறார்கள். வண்டியின் முழுப் பாரத்தையும் வளைந்து கொடுத்துத் தாங்கிய எஃகு அது. அடி தாங்குவதில் அதற்கு ஈடு சொல்வது கடினம். உலையில் காய்ச்சி, அடித்து, வாய்ப்பக்கத்தைத் தோய்த்துக் கடினமாக்கும் துவைச்சலை அளவோடு நிறுத்துகிறார்கள். அதனால் மழுங்கினால் வயல் வரப்பிலேயே உட்கார்ந்து அரத்தால் நாலு தேய்ப்பில் கூர் ஏற்றிவிடலாம், கல்லில் பட்டால் சில்லுப் பெயராமல் மடங்கும். கடினம் கூடிய விலையுயர்ந்த கத்தியில் இந்த வசதி கிடையாது.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் இன்று எல்லோருக்கும் சினிமா சண்டைதான் நினைவுக்கு வருகிறது. இது எனக்கு மனத்தாங்கல். கருவேலம் வெட்டவும் தென்னை மட்டை கழிக்கவும் வேலி கட்டவும் அடித்த கருவியை, ரத்தத்தோடு மட்டும் சேர்த்துக் காட்டிக் காட்டி, அதைச் செய்கிறவர்களின் தொழிலுக்கே ஒரு கறை ஏற்றிவிட்டோம். அரிவாள் வேளாண் கருவி. அடிப்பவரும் அப்படித்தான் நினைத்து அடிக்கிறார், வாங்கும் விவசாயியும் அப்படித்தான் வாங்குகிறார்.

வண்டியில் முகாமுக்குப் போகிறவர்கள், தோட்டத்திலோ தனியார் முகாம் இடத்திலோ தங்குகிறவர்கள், சிறிய கத்தியோடு ஓர் அரிவாளும் கொண்டுபோனால் வேறெதுவும் தேவைப்படாது. முதுகுப்பையில் நடப்பவர்களுக்கு அதன் எடையும் வளைவும் ஒத்துவராது. அவர்களுக்கு ரம்பம்தான்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வந்த 2016-ஆம் ஆண்டு விதிகள், அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. நான் மேலே சொன்ன முகாம் கத்திகள் எல்லாமே அந்த அளவுக்குள் அடங்குபவை. ஆனாலும் ஊருக்குள் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு திரிய வேண்டாம். பையின் அடியில் உறையோடு துணியில் சுற்றி வையுங்கள். விமானத்தில் கைப்பையில் அனுமதி இல்லை, சரக்கில் போடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாதது இன்னொன்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் 'ஆயுதம்' என்பதன் வரையறைக்குள் கத்தியும் வருகிறது. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும். முதுமலையானாலும் ஆனைமலையானாலும் கொடைக்கானல் சரணாலயமானாலும் இதுதான் விதி. வனத்துறை வழித்தடங்களில் நடக்கப் போகிறவர்கள் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால் முதலில் துறையிடம் கேளுங்கள். அங்கே மரம் வெட்டுவதற்கும் தீ மூட்டுவதற்கும் நமக்கு எந்த உரிமையும் இல்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீக்குள் சிக்கிய மலையேறிகளை நாம் மறக்கக் கூடாது. காய்ந்த புல் எவ்வளவு வேகமாக எரியும் என்பதை அந்த நாள் நமக்குக் காட்டியது. கத்தியையும் நெருப்பையும் பற்றி இந்த இதழில் எழுதுவதெல்லாம் அனுமதி உள்ள இடத்துக்கு மட்டும்தான். அங்கேயும் பச்சை மரத்தில் கை வைக்காதீர்கள். விழுந்து காய்ந்ததை எடுங்கள். சீவ ஏதாவது வேண்டும் என்றால், இட உரிமையாளர் சம்மதித்தால், உண்ணிச்செடியின் தண்டு இருக்கிறது. வெளியிலிருந்து வந்து நம் மலைகளை அடைத்துக்கொண்டிருக்கும் செடி அது. முளைக்கும் விறகுக்கும் நன்றாக உதவும்.

பிள்ளைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக் கத்தி கொடுக்கலாமா? பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதானால் கொடுக்கலாம், சின்னக் கத்தியும் மெதுவான மரமும் கொடுக்கலாம். உட்கார வைத்து, இரண்டு முழங்கையையும் முழங்காலில் ஊன்றச் சொல்லி, கத்தி உடம்பை விட்டு வெளிப்பக்கம் போகும்படி சீவ வையுங்கள். மடியில் வைத்துச் சீவ விடாதீர்கள். தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது, அங்கே பட்டால் முதலுதவிக்கு மிகக் குறைந்த நேரமே இருக்கும். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது. அடுத்தவரிடம் கொடுக்கும்போது உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். மழுங்கிய கத்தியைப் பிள்ளைக்குக் கொடுப்பது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். மழுங்கிய கத்திக்கு அழுத்தம் அதிகம் தேவை, அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் கை கிழியும்.

கூர் தீட்டுவதற்கு விலையுயர்ந்த சாதனம் எதுவும் வேண்டாம். இரும்புக் கடையில் கிடைக்கும், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நயமும் உள்ள கல் போதும். நனைத்துக்கொண்டு, ஒரே சரிவுள்ள வடநாட்டுக் கத்தியானால் முன்பு சொன்னபடி சரிவைப் படிய வைத்து, மற்றவற்றைப் பக்கத்துக்கு இருபது பாகை அளவில் சாய்த்துப் பிடித்து, அந்தச் சாய்வு மாறாமல் இழுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் பின்னோக்கி இழுத்து முடியுங்கள். காகிதத்தைச் சத்தமில்லாமல் கிழித்தால் போதும். மின்சாணையில் கொடுப்பவர்கள் அலகு சூடாகாமல் அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் துவைச்சல் போய்விட்டது என்று பொருள். அதன்பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

எழுத எழுத ஒரு யோசனை வந்தது, உங்கள் உதவியோடுதான் அது நடக்கும். கையால் கத்தியும் அரிவாளும் அடிக்கும் பட்டறைகள் ஊருக்கு ஊர் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் ஊரில் இன்னும் உலை மூட்டும் ஆசாரி ஒருவர் இருந்தால், அவருடைய அனுமதியோடு, அவர் என்னென்ன கருவி அடிக்கிறார், என்ன இரும்பு வாங்குகிறார், எந்த மரத்தில் பிடி போடுகிறார், அந்தக் கருவிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். படம் எடுத்தால் கருவியின் முதுகும் வாயும் தெரியும்படி எடுங்கள். வந்தவற்றைத் தொகுத்து வரும் இதழ்களில் தொடராகக் கொண்டுவர விரும்புகிறேன். நாலரை அங்குலத்தில் ஒரு முகாம் கத்தியை நம் ஆசாரி ஒருவரிடமே சொல்லி அடித்து வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் உங்கள் கடிதம் முதலில் வரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்